தெளியட்டும், இருடா!

நீச்சல் தெரியாதவர்களில் இரண்டு ரகம் உண்டு. ‘தெரியாது’ என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறவர்கள் முதல் ரகம். ‘சின்ன வயசுல கிணத்துல அடிச்சதுதான்... இப்ப டச் விட்டுப்போச்சு’ என்று இழுக்கிறவர்கள் இரண்டாவது ரகம். அடியேன் இரண்டாவது. கல்யாணமான நாளிலிருந்து கட்டிக் காத்துவந்த இந்தப் பொய், 2023 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஓர் ஆற்றங்கரையில் வைத்து உடைந்தது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, அதன் வாரை இறுக்கு இறுக்கு என்று இறுக்கி, மூச்சுவிட முடியாமல் நான் நின்ற கோலத்தைப் பார்த்து என் மனைவி நிதானமாகக் கேட்டாள்:

“ஏங்க... கிணத்துல நீச்சல் அடிச்சேன்னு சொல்வீங்களே, அப்போ அதுல தண்ணி இருந்துச்சா?”

பதில் சொல்ல மூச்சு வேண்டுமே! தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆர்லாண்டோவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். நான், மனைவி, எட்டு வயசுப் பையன், கூடவே அப்பா. ஒன்றரை மணி நேரம் காரில் போனால் ஒக்காலா என்று ஓர் ஊர். அதை ஒட்டி சில்வர் ஸ்பிரிங்ஸ். அங்கே நிலத்தடியிலிருந்து பொங்குகிற ஊற்றுகளே ஓர் ஆறாகப் புறப்பட்டு, ஐந்து மைல் தூரம் காட்டுக்குள் ஓடி, ஆக்லவாஹா என்கிற இன்னொரு ஆற்றில் கலக்கிறது. மலை இல்லை, அருவி இல்லை, அணை இல்லை. பூமி வாயைத் திறக்கிறது, ஆறு வருகிறது. அவ்வளவுதான்! அதில் கயாக் ஓட்டலாம் என்பது அக்காவின் ஏற்பாடு.

கயாக் என்பது வாழைப்பூ மடல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் படகு. ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பின்னால். இரண்டு பேர் கையிலும் இரண்டு பக்கமும் அகப்பை வைத்த மாதிரி ஒரு துடுப்பு. ஏறுவதற்கு முன் ஒரு படிவம் நீட்டினார்கள். பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படித்துவிடுவான். படித்தேன். நான் மூழ்கினால் அவர்கள் பொறுப்பல்ல. முதலை கடித்தால் அவர்கள் பொறுப்பல்ல. மரக்கிளை விழுந்தால் அவர்கள் பொறுப்பல்ல. “அப்புறம் எதுக்குத்தான் பொறுப்பாம்?” என்று மாமாவை (அக்கா வீட்டுக்காரர்) கேட்டேன்.

“பணம் வாங்கறதுக்கு” என்றார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர். படிவத்தைப் படிக்கவே இல்லை. “போட்டாத்தான் விடுவானா? சரி” என்று போட்டுவிட்டு, கால்சராயை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். கொஞ்ச நேரம் குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அவ்வளவு தெளிவு.

இங்கே ஒரு சதித் திட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா 2021-ல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பா வாலாஜா பக்கம், பாலாற்றை ஒட்டிய எங்கள் கிராமத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அவரே சமைப்பார், அவரே சாப்பிடுவார், அவரே பேப்பர் படிப்பார். போன் செய்தால் ‘ம்’, ‘சரி’, ‘வெக்கட்டுமா’. இந்த மூன்றுதான் மொத்த உரையாடலும். அக்கா முடிவு பண்ணிவிட்டாள்: வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு, இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் வீட்டைக் கொடுத்துவிட வேண்டும். “நான் ஆரம்பிச்சா எழுந்து போயிடறார்டா. நீ பேசு. வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதறியே, சொந்த அப்பனுக்கு எடுத்துச் சொல்ல மாட்டியா?” என்று முதல் நாள் ராத்திரி சமையலறையில் வைத்துப் பொறுப்பை என் தலையில் கட்டினாள். இடம்: கயாக். காரணம்: எழுந்து போக முடியாது!

நானும் ‘சரி’ என்றேன். பாசம்தான். ஆனால் பாசம் மட்டும்தான் என்று எழுதினால் இந்தப் பேனா எனக்கே சிரிக்கும். வீடு விற்றால் என் பங்குக்கு என்ன வரும், அதில் என் ஃப்ளாட் கடன் எவ்வளவு அடையும், மாதத் தவணை எவ்வளவு குறையும் என்று விமானத்திலேயே, சாப்பாட்டுக்கு வைத்த காகித நாப்கினில், கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். பேலன்ஸ் ஷீட் அழகாக டாலி ஆயிற்று.

சரி, ஆற்றுக்கு வருவோம்.

முதலில் ஊற்றுக்கண் மேலேயே மிதந்தோம். கீழே பார்த்தேன். அடி வயிறு ‘ஜில்’லென்றது. ஆறு மாதிரியே இல்லை சார்! அந்தரத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கீழே வெள்ளை மணல், பச்சை ரிப்பனாக அசைகிற புல், பாறை வெடிப்பு, அதற்குள்ளிருந்து நீலமாகப் பொங்குகிற தண்ணீர், எங்கள் நிழலுக்குள் புகுந்து வெளியே வரும் மீன்கள். 1870-களிலிருந்தே இங்கே கண்ணாடி அடித்தளப் படகு ஓட்டுகிறார்களாம். இன்றும் ஓடுகிறது.

“தாத்தா! அந்த வெள்ளைக் கல்லை எடுத்துக் குடுங்க” என்றான் பையன். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை விட்டார். முழங்கை முழுகியது. கல் அப்படியே இருந்தது. துடுப்பை விட்டார். எட்டவில்லை.

“மாமா, அது 30 அடி ஆழம்” என்றார் மாப்பிள்ளை, சிரிக்காமல்.

தண்ணீரில் எதுவுமே இருக்கிற ஆழத்தைவிடக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் தெரியும், நாலு அடி ஆழம் மூணு அடியாகத் தெரியும் என்று பத்தாங்கிளாஸ் விஞ்ஞானப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. கலங்கல் தண்ணீர் என்றால் பயந்து தள்ளி நிற்போம். தெளிந்த தண்ணீரிடம்தான் ஏமாறுவோம் போலிருக்கிறது.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாமா விளக்கினார். எல்லாம் மழைதான். மத்திய ஃப்ளோரிடாவில் பெய்கிற மழை மணலில் இறங்கி, அதற்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புப் பாறைக்குள் போகிறது. அந்தப் பாறை ஆப்பம் மாதிரி ஓட்டையும் ஒடிசலுமாக இருக்குமாம். அதற்குள்ளே தண்ணீர் வருஷக்கணக்கில் தங்கி, வடிகட்டப்பட்டு, கீழே இருக்கிற அழுத்தத்தில் வெடிப்பு கிடைத்த இடத்தில் மேலே வருகிறது. அதனால்தான் கோடையானாலும் குளிரானாலும் ஒரே சூடு, சுமார் 22 டிகிரி செல்சியஸ். இப்படி அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 1000-க்கு மேற்பட்ட ஊற்றுகள். என் பாஷையில் சொன்னால், மழை ஃபிக்ஸட் டெபாசிட், ஆறு அதன் வட்டி.

“வட்டி குறைஞ்சுக்கிட்டே வருது” என்றார் மாமா. ஒரு காலத்தில் இங்கே தினமும் 50 கோடி காலனுக்கு மேல், நம் கணக்கில் சுமார் 190 கோடி லிட்டர், பொங்கியதாம். இப்போது அவ்வளவு இல்லை. சுற்றிலும் ஊர் பெருகி, நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். வயலுக்கும் புல்தரைக்கும் போடுகிற உரம், வீட்டுச் செப்டிக் டாங்க் கழிவு எல்லாம் நைட்ரேட்டாக இறங்கி இதே ஊற்றில் வருகிறது. பளபளவென்று இருந்த புல்லின் மேல் பாசி படிகிறது. காட்டினார். பழுப்பாக, பழைய கம்பளி மாதிரி.

“இங்கேயுமா?” என்றார் அப்பா. படகில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

ஜோடிப் பொருத்தத்துக்கு வருகிறேன். நானும் மனைவியும் ஒரு கயாக், அக்காவும் பையனும் ஒன்று, மாமாவும் அப்பாவும் ஒன்று. இரண்டு பேர் கயாக்குக்கு அமெரிக்காவில் ‘டைவர்ஸ் படகு’ என்று செல்லப் பெயர் உண்டாம். பேர் வைத்தவன் அனுபவஸ்தன்.

“இடது பக்கம் போடுங்க!”

“நான் போடறது இடதுதான்!”

“உங்க இடதா, என் இடதா?”

“ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பார்த்து உட்கார்ந்திருக்கோம்!”

கல்யாணமான பத்து வருஷத்தில் நாங்கள் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. இருந்தும் படகு செக்கு மாடு மாதிரி அதே இடத்தில் சுற்றியது. அப்புறம் ஒரு மரத்தடியில் போய்ச் செருகிக்கொண்டது. அங்கே சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்த நம் ஊர் பாம்புத்தாராவின் சொந்தக்காரப் பறவை ஒன்று, எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் குதித்தது. அதற்கு இரண்டு கஜம் தள்ளி, கட்டை என்று நான் நினைத்திருந்த ஒன்று கண்ணைத் திறந்தது.

“முதலை! அது ஒண்ணும் பண்ணாது, நாம சும்மா இருந்தா” என்று மாமா தூரத்திலிருந்து கத்தினார்.

“இது அதுக்குத் தெரியுமா?” என்றாள் என் மனைவி.

இதுதான் சாக்கென்று அக்கா ஆளை மாற்றினாள். கரையில் படகு கட்டுகிற ஒரு மேடை வந்தது. மனைவி அக்காவோடு, பையன் மாமாவோடு, அப்பா என்னோடு. ஏறும்போது அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். ‘ஆரம்பி’ என்று அர்த்தம்.

அப்பா முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். எனக்கு அவருடைய முதுகும் பிடரியும் மட்டும்தான் தெரிந்தன. பிடரி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

நீரோட்டத்தோடு போவது சுகம். துடுப்பே தேவையில்லை. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், பனை மாதிரி மரங்கள், கட்டைகளின் மேல் வரிசையாக ஆமைகள். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மரத்தின் மேலே ‘கீச்’ என்றது.

குரங்கு! ஒன்றல்ல, ஒரு குடும்பமே. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய், அதற்குப் பேன் பார்க்கும் இன்னொன்று.

“அட, நம்ம ஊர் ஆளுங்க!” என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

நம் ஊர்தான், ஆனால் வடக்கு. வட இந்தியக் கோயில்களில் பிரசாதம் பிடுங்குகிறதே, அந்த ரீசஸ் ஜாதி. அமெரிக்காவில் இந்தக் குரங்குகளுக்கு என்ன வேலை? ஜானி வைஸ்முல்லர் நடித்த டார்ஜான் படம் ஒன்றை 1939-ல் இங்கே எடுத்தார்கள். அப்போது விட்டுப் போன குரங்குகள் என்று ஒரு கட்டுக்கதை உலவுகிறது. நிஜம் வேறு. 1930-களில் இங்கே படகு ஓட்டிய டூயி என்பவர், ‘ஜங்கிள் சவாரி’க்கு வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட ஆற்றின் நடுவே ஒரு தீவில் சில ரீசஸ் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டார். சுற்றிலும் தண்ணீர், எங்கே போகும் என்பது அவர் கணக்கு. ஆனால் ரீசஸ் குரங்கு பிரமாதமாக நீச்சலடிக்கும். குதித்தன, நீந்தின, காட்டுக்குள் போய்விட்டன. இப்போது தலைமுறை தலைமுறையாகப் பெருகி இருக்கின்றன. (சிலவற்றிடம் மனிதர்களுக்கு ஆபத்தான ஒரு வைரஸ் இருப்பதால் கிட்டே போகாதே, எதுவும் கொடுக்காதே என்கிறார்கள். என்னைவிட நன்றாக நீந்துகிற ஒன்றின் கிட்டே நான் ஏன் போகிறேன்?)

கதையைச் சொல்லி முடித்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்,

“ஏண்டா, தீவுல விட்டா அதுங்க இருந்துடும்னு அவனே முடிவு பண்ணிட்டானா?”

“ஆமாம்ப்பா.”

“குரங்குகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

என் துடுப்பு நின்றுவிட்டது.

“உங்கக்கா வீட்டுச் சுவர் இருக்கே, அது சுவர் இல்லடா, அட்டை. தட்டிப் பார்த்தேன். அடுக்களையில பேசினா என் ரூமுக்கு ரேடியோ மாதிரி கேக்குது.”

நல்லவேளை, அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதைவிட நல்லவேளை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் படகைச் செய்தவனுக்குக் கோயில் கட்டலாம்.

“வீட்டை வித்தா, உன் ஃப்ளாட் கடன் எவ்வளவு அடையும்?”

எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாப்கினில் இரண்டு தரம் சரிபார்த்த தொகை. நாக்கு நுனிவரை வந்தது. “அதெல்லாம்... அதுக்காக இல்லப்பா” என்றேன். தண்ணீர் மட்டும்தான் அங்கே தெளிவாக இருந்தது.

“தப்பில்லடா. கடன்காரன் கணக்குப் பார்க்கத்தான் பார்ப்பான்” என்றார். பிறகு, ஏதோ ஆற்றுக்கே சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“பாலாத்துல நாங்க ஊத்து தோண்டுவோம், தெரியுமோ? சித்திரை வெயில்ல ஆறு முழுக்க மணல்தான் இருக்கும். ஆனா ரெண்டு முழம் தோண்டினா தண்ணி. மொத தண்ணிய யாரும் குடிக்க மாட்டாங்க. சேறு மாதிரி கலங்கலா வரும். கொட்டாங்கச்சியால இறைச்சுக் கொட்டணும். மறுபடி ஊறும். அதையும் கொட்டணும். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காரணும். அவசரப்பட்டு சொம்பை விட்டா, திரும்பக் கலங்கிடும். உங்கம்மா எங்க அத்தை பொண்ணுதானே? அவளுக்குப் பத்து வயசு, எனக்குப் பதிமூணு. நான் அவசரக்குடுக்கை. சொம்பை விடப் போவேன். புறங்கையில பட்டுனு ஒண்ணு போடுவா. ‘தெளியட்டும், இருடா’ம்பா.”

நான் மூச்சு விடவில்லை. இந்த முறை லைஃப் ஜாக்கெட் காரணமில்லை.

“கல்யாணத்துக்கப்புறம் அந்த ‘டா’ போச்சு. ‘தெளியட்டும், இருங்க’ன்னு ஆச்சு. எல்லாத்துக்கும் அதான். உங்கக்கா அமெரிக்கா போறேன்னப்போ நான் குதிச்சேன். நீ சி.ஏ. வேணாம், எழுதப் போறேன்னு நின்னப்போ குதிச்சேன். ரெண்டு தரமும் அதையேதான் சொன்னா. தெளிஞ்சுது. அவ சொன்னது சரியாத்தான் இருந்துது.”

ஒரு மீன் துள்ளி விழுந்தது.

“இப்ப சொல்றதுக்கு ஆள் இல்ல. நானே சொல்லிக்க வேண்டியிருக்கு. எனக்கு இன்னும் கலங்கலாத்தாண்டா இருக்கு. இங்க இருக்கணுமா, அங்க இருக்கணுமா, வீடு வேணுமா, வேணாமா... எதுவும் தெரியல. தெளியற வரைக்கும் ரெண்டு பேரும் சொம்பை உள்ள விடாதீங்க. அவ்வளவுதான்.”

ரெண்டு வருஷம் ‘ம்’, ‘சரி’, ‘வெக்கட்டுமா’ என்று பேசிய மனுஷர். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையை விட்டால் எட்டிவிடும் என்று நினைத்த கல்.

“சரிப்பா” என்றேன். வேறு எதுவும் எழுத்தாளனுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தோம். மற்ற இரண்டு படகும் கண்ணுக்கே தெரியவில்லை. பேச்சு சுவாரசியத்தில் நீரோட்டம் எங்களை ரொம்ப தூரம் இழுத்து வந்திருந்தது. திரும்பி எதிர்நீச்சலாகப் போக வேண்டும். பத்து துடுப்புப் போட்டால் ஐந்து கஜம் முன்னேறினோம். நிறுத்தினால் மூன்று கஜம் பின்னால் போனோம். கடன் வாங்குவதற்கும் அடைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என் புஜங்கள் அன்று புரிந்துகொண்டன.

“நடுவுல போகாதே, தண்ணி தள்ளும். ஓரமா வா” என்றார் அப்பா. ஓரமாக வந்தோம். இழுப்பு குறைந்தது. “நான் போடறப்போ நீயும் போடு. அவசரப்படாதே.” அவர் துடுப்பு இடது பக்கம் இறங்கினால் என்னுடையதும் இடது, வலது என்றால் வலது. அவருடைய தோளைப் பார்த்தே போட்டேன். படகு நேராகப் போயிற்று. மனைவியோடு ஏன் சுற்றியது என்பது அப்போது விளங்கியது. (இதை அவளிடம் சொல்லவில்லை. இப்போது படிப்பாள்.)

கரையில் அக்கா காத்துக்கொண்டு நின்றாள். புருவம் மறுபடி உயர்ந்தது. ‘என்ன ஆச்சு?’

“தெளியட்டும், இரு” என்றேன்.

அக்காவும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே? அந்தக் குரல் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. சட்டென்று திரும்பிக்கொண்டு, காரில் புளியோதரை டப்பாவைத் தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள்.

அப்பா எங்களோடேயே ஊர் திரும்பினார். வீடு விற்கவில்லை. என் ஃப்ளாட் தவணை மாதா மாதம் ஐந்தாம் தேதி கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பாலாற்றில் இப்போது அவர் சொன்ன மாதிரி ஊற்று தோண்ட முடியாது. மணலை அள்ளியாயிற்று. தோல் ஷாப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி 1996-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன ஆறு அது. அப்பா கேன் தண்ணீர்தான் வாங்குகிறார். டெபாசிட்டையே எடுத்துத் தின்றுவிட்டு வட்டி வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் ‘வெக்கட்டுமா’ வருவதற்கு இப்போது அரைமணி ஆகிறது. முடிக்கும்போது கேட்பேன்: “தெளிஞ்சுதாப்பா?”

“மேலால லேசா தெளிஞ்சிருக்கு. நீ சொம்பை எடுக்காதே” என்பார்.

எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். பெரியவர்கள் வகுப்பில் இடம் இல்லையாம். என் பையன் வயசுப் பிள்ளைகளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று காலை உதைத்துக்கொண்டிருக்கிறேன். மனைவி கரையில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

“கிணத்துல அடிச்சது ஞாபகம் வருதாங்க?” என்கிறாள்.